சாத்தியம்

மூன்று வாரங்களாக ஒரு ஃபியூஸ் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை நான் கண்ணால் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. என் பழைய கைபேசியின் சில்லுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும் அது, ஈயம் பற்றவைக்கும் புகையும் பக்கத்துக் கடைத் தேநீரின் ஆவியும் கலந்து மணந்த ஒரு சனிக்கிழமை மாலையில், சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழுது பார்க்கும் கடைப் பையனின் வாய் வழியாக என் யோசனைக்குள் பிரவேசித்தது. வாங்கி நான்கு வருஷமான அந்தக் கைபேசியின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, பாட்டரியும் பழுதில்லை, ஆனாலும் விற்ற கம்பெனி இரண்டாம் வருஷத்தோடு புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டபடியால், அது கிழடுதட்டாமலே ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட உத்தியோகஸ்தரைப்போல நடமாடிக்கொண்டிருந்தது. பையன் அதை விரலிடுக்கில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “செட்டு மேல ஒரு தப்பும் இல்ல சார். பூட்லோடரைத் திறந்து கஸ்டம் ரோம் ஏத்திட்டா இன்னும் மூணு வருஷம் ஓடும். ஆனா திறந்த உடனே உள்ள ஒரு ஃபியூஸ் எரிஞ்சிடும். அதத் திரும்பப் போட முடியாது. பேங்க் ஆப்பும் ஓடாது. யோசிச்சுச் சொல்லுங்க.” யோசித்துச் சொல்லும்படி அவன் கேட்டதற்கு நான் அங்கேயே சரியென்று தலையாட்டிவிட்டேன், யோசனை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஃபியூஸ் என்றால் நான் அறிந்தது, எங்கள் பழைய வீட்டு ரேழியில், வெள்ளைப் பீங்கான் கட்டைக்குள் ஒரு மெல்லிய செம்புக் கம்பியாக இருந்த வஸ்து. மின்சாரம் அளவு மீறிப் பாயும்போது தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றுவது அதன் தர்மம். எரிந்த பிறகு, அப்பா டார்ச் வெளிச்சத்தில் ஸ்டூல்மேல் ஏறி, புதுக் கம்பியைச் சுற்றிக் கட்டையைச் செருகியதும் வீடு மறுபடி பிரகாசமாகிவிடும். கைபேசிக்குள் இருப்பதோ வேறு ஜாதி. அது காப்பாற்றுவதற்காக எரிவதில்லை. ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக எரிகிறது. கம்பெனி முத்திரையிடாத மென்பொருள் ஒன்று உள்ளே ஏறியவுடன் ஒரு நுண்ணிய இணைப்பு கருகி, அந்தக் கணத்திலிருந்து பூஜ்யம் ஒன்றாக மாறிவிடுகிறது; பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அந்த ஒன்று ஒன்றாகவே நிற்கும். சில கம்பெனிகள் 2013-ஆம் வருஷத்தை ஒட்டி இந்த ஏற்பாட்டைக் கைக்கொண்டன. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள், நான் செய்யும் காரியத்தை எனக்கு எதிராகச் சாட்சி சொல்லுவதற்கென்றே ஒருவனை உட்கார்த்தி வைத்திருந்தார்கள் என்பதும், வாங்கிய நாளிலிருந்து நான்கு வருஷம் அவனோடு ஒரே சட்டைப்பையில் குடியிருந்திருக்கிறேன் என்பதும்தான் என்னால் ஜீரணிக்க முடியாதவையாக இருக்கின்றன.

இந்த உறுத்தலோடு ஒரு நாள், வேறு ஏதோ காகிதம் தேடப் போய், தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு வெளியே வந்தது ஒரு கிரயப் பத்திரம். நம் ஊரில் நிலமோ வீடோ வாங்கியவர்களுக்கு அந்த பாஷை பழக்கமானதுதான்: மூச்சு விட இடமில்லாத ஒற்றை வாக்கியமாக, எல்லைகளைச் சொல்லி, தொகையைச் சொல்லி, சுவாதீனம் ஒப்படைத்ததைச் சொல்லி, கடைசியில் நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம், ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு அனுபோகங்களையும் வாங்குபவருக்கே பாத்தியமாக்கி முடிக்கும். முதல் ஐந்தையும் சிறு பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும்: புதையல், வைப்பு, நீர், மரம், கல். பிந்திய மூன்றும் சூக்ஷ்மமானவை. ஆகாமி என்பது இனி வந்து சேரும் பலன். சித்தம் இப்போதே ஆகி நிற்பது. சாத்தியம், அந்த இடத்தில் இனி என்னென்ன ஆக்கிக்கொள்ள முடியுமோ அதெல்லாம். பத்திர எழுத்தர் அர்த்தம் உணர்ந்து எழுதினாரா, வழக்கத்தால் எழுதினாரா என்பது வேறு விஷயம். விற்பவன் தன் மனத்தில்கூட நினைத்திராத உபயோகத்தையும் சேர்த்தே விற்றுவிடுகிறான், விற்ற பின் அந்த நிலத்தில் தென்னை வைத்ததற்கோ கிணறு தோண்டியதற்கோ வந்து கேள்வி கேட்கமாட்டான் என்ற ஒரு நாகரிகம் அந்த எட்டாவது சொல்லில் இருக்கிறது. என் கைபேசியின் பெட்டிக்குள் இருந்த சிறு எழுத்துக் காகிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். கருவி எனக்கு விற்கப்பட்டதாம். அதற்குள் இருக்கும் மென்பொருளை உபயோகிக்க மட்டும் அனுமதி வழங்கப்பட்டிருக்கிறதாம். பத்திர பாஷையில் சொன்னால், சித்தம் ஒன்றுதான் என்னுடையது.

அந்த அனுமதி எப்படிக் காவல் காக்கப்படுகிறது என்பதை ஓரளவு தெரிந்துகொண்டபோது, கோபத்தோடு ஒரு வியப்பும் உண்டாயிற்று. பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது, தொழிற்சாலையிலேயே சில்லில் வார்த்துவிட்ட சில வரிகள். யாராலும் மாற்ற முடியாத கல்வெட்டு அது. அந்தக் கல்வெட்டு அடுத்த வாசலில் நிற்பவனுடைய முத்திரையைச் சோதிக்கும். முத்திரை சரியானால் அவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அவன் அதற்கடுத்தவனைச் சோதிப்பான். இப்படி வாசல் வாசலாக ஒப்படைத்துக்கொண்டே வந்த பிறகுதான் நம் கண்ணுக்குப் படங்களும் மணியும் தெரிகின்றன. அதற்குப் பிறகும் ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒதுக்கிய அறையை விட்டு வெளியே வரக்கூடாது. யூனிக்ஸ் சம்பிரதாயத்தில் அப்படிப்பட்ட அறைக்குச் சிறை என்று பெயர் உண்டு. சுவரை உடைப்பதை ஜெயில்பிரேக் என்கிறார்கள். ஆண்ட்ராய்டுக்காரர்கள் ரூட் என்கிறார்கள். எல்லாக் கதவுகளையும் திறக்கும் அதிகாரம் பெற்ற அந்த மூல உபயோகிப்பாளருக்கு அந்த முறையில் கொடுக்கப்பட்டிருக்கும் எண் பூஜ்யம். தமிழில் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லாதது. பூஜைக்குரியது என்பதும் அதே சொல்தான். 2008-ல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு விசித்திரமான பிழை இருந்தது: விசைகளில் நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அந்தப் பூஜ்யத்தின் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் தனி வரியாக ‘ரீபூட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி அடுத்த வரிக்குப் போனால், கருவி அணைந்து மறுபடி எழுந்தது. சொன்ன சொல் பலிக்கிற அந்த வரத்தைச் சில வாரங்களுக்குள் திருத்தி எடுத்துவிட்டார்கள்.

முத்திரைக் காவலை முதலில் மீறியவர்கள் யாரென்று பார்த்தால், கொள்ளைக்காரர்கள் என்று தயக்கமின்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன், ஒரே ஒரு தொலைபேசிக் கம்பெனியின் சேவைக்குள் கட்டப்பட்டிருந்தது. ஆகஸ்டில் நியூஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன், பற்றவைப்புக் கோலோடு உட்கார்ந்து அந்தக் கட்டை அவிழ்த்தான். அவிழ்த்த கைபேசிகளில் ஒன்றைக் கொடுத்து ஒரு நிஸான் காரும் மூன்று புதிய ஐபோன்களும் பண்டமாற்றாகப் பெற்றான். அது வெளி வாசல் பூட்டு. உள் சிறையை உடைத்தவர்களின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அதே வருஷம் அக்டோபரில் வந்த ஒரு முறை, படம் ஒன்றைக் காட்டும் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து, காரியம் முடிந்ததும் அந்த ஓட்டையை அடைத்துவிட்டு வெளியேறியது. கன்னம் வைத்து நுழைந்தவன் போகும்போது சுவரைப் பூசிவிட்டுப் போன கதை நம் ஊர்த் திருட்டுகளில் நான் கேட்டதில்லை. அப்போது அந்தக் கருவியில் வெளியார் எழுதிய செயலி எதற்கும் இடமில்லை. வலைப்பக்கங்களே போதும் என்பதுதான் முதலாளியின் ஆரம்ப அபிப்பிராயம். 2008 பிப்ரவரியில் ஜே ஃப்ரீமன் என்பவர், சிறை உடைத்த கைபேசிகளுக்கென்று சிடியா என்ற செயலிக் களஞ்சியத்தைத் திறந்தார். ஆப்பிள் பழத்தைத் துளைத்து உள்ளே குடியேறும் புழுவின் அந்துப்பூச்சிக்குச் சாஸ்திரப் பெயர் சிடியா. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது. கம்பெனியின் சொந்தச் செயலிக் கடை அந்த ஜூலையில்தான் திறந்தது. புழு துளைத்த பாதையைப் பார்த்துத்தான் தோட்டக்காரர் வரப்பு வெட்டினார் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனாலும், அத்து மீறியவர்கள் சாத்தியம் என்று காட்டியது பிறகு சொந்தக்காரரால் சித்தமாக்கப்பட்டது என்ற வரிசை கண்முன் இருக்கிறது.

இந்த வரிசையில் நம் எழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கிய தமிழர்களில் பலருக்கு அந்தக் கட்டங்கள் ஞாபகமிருக்கும். ஊரிலிருந்து தம்பி எழுதிய கடிதமானாலும், அன்றைய தலைப்புச் செய்தியானாலும், கவிதையானாலும், திரையில் வந்து நின்றவை வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள். ஆட்கள் காலி செய்துகொண்டு போன குடியிருப்பின் ஜன்னல்களைப்போல. தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்று, ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லாதது, கருவியின் ‘சிஸ்டம்’ பகுதிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். ஆனால் அந்தப் பகுதிக்குள் எதையும் வைக்கப் பூஜ்யத்தின் அதிகாரம் வேண்டும். ஆகவே, வாழ்நாளில் ஒரு பூட்டையும் உடைத்தறியாத எத்தனையோ பேர், கருவியே செத்துப்போனாலும் போகட்டுமென்று, தாய்மொழியைப் படிப்பதற்காக ரூட் செய்தார்கள். செய்த பிறகும் பலருக்குப் பாதித் தமிழே கிடைத்தது: ‘கொ’ என்று வரவேண்டிய இடத்தில் க முந்திக்கொண்டு நிற்க, ஒற்றைக்கொம்பு பின்னால் வந்து தொற்றிக்கொண்டது. துணிவில்லாதவர்களுக்கு வேறொரு உபாயம் இருந்தது. ஓபரா மினியின் முகவரிக் கட்டத்தில் ‘ஓபரா கான்ஃபிக்’ என்று தட்டி, உள்ளே ஒரு வரியை மாற்றினால், எழுத்துகள் எழுத்துகளாக அன்றி, எங்கிருந்தோ வரையப்பட்டுச் சிறு சித்திரங்களாக வந்து சேரும். அந்த வரியில் நம் எழுத்து ‘சிக்கலான லிபிகள்’ என்ற வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. கருவியைச் செய்தவர்களுக்கு நம்மேல் துவேஷம் இருந்திருக்காது. வீடு கட்டும்போது அதில் யார் குடிவருவார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எல்லாக் குடித்தனக்காரர்களையும் முன்கூட்டியே அறிந்த சிற்பி எங்குமில்லை என்பதனால்தான் சாத்தியத்தையும் சேர்த்து எழுதிக்கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பின்னால் வந்த பதிப்புகளில் தமிழ் தானாகவே வந்து சேர்ந்தது. பொறுத்திருந்தால் பூட்டை உடைக்காமலே கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பொறுத்திருக்கும் வருஷங்களில் வந்து சேர்ந்த கடிதங்களை யார் படிப்பது என்று திருப்பிக் கேட்கத்தான் தெரிகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை வைக்கும்போது மறுபக்கம் வந்து நிற்கிறது. அந்த மாலையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், கணக்கின் கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொண்ட கைபேசி ஒன்றை நீட்டி, திறந்து தரச் சொன்னார். பையன் அதைக் கையில் வாங்காமலே, “பில் இருக்கா சார்?” என்றான். அவர், வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவர், நான் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரமும் திரும்பவில்லை. பூட்டு இல்லாவிட்டால் அவருடைய பிரயாணம் எவ்வளவு லகுவாக முடிந்திருக்கும்! என் கைபேசியைத் திறந்தபோது உள்ளே இருந்த படங்கள், கடிதங்கள் யாவும் அழிந்துபோயின. பூட்டைத் திறந்தால் வீடு காலியாகிவிடும்படியாகத்தான் அமைத்திருக்கிறார்கள், திருடன் திறந்தாலும் அவனுக்கு வெறும் சுவரே மிஞ்சும் என்ற முன்யோசனையால். அதில் நியாயமில்லை என்று எப்படிச் சொல்வது? 2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் அவிழ்த்துவிட்ட புழுநிரல், சிறை உடைத்த ஐபோன்களில் மட்டும் பரவி, அவற்றின் திரையில் ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படத்தை ஒட்டியது. அது நுழைந்த வழி வெட்ககரமானது: அந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் மூல அதிகாரத்துக்கு இருந்த கடவுச்சொல் ‘அல்பைன்’ என்ற ஒரே சொல், சுவரை அவ்வளவு பாடுபட்டு உடைத்தவர்கள், அந்தச் சொல்லை மாற்றும் சிரமத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 2015-லோ, சிறை உடைத்த கைபேசிகளிலிருந்து சுமார் 2,25,000 கணக்குகளின் ரகசியங்கள் களவு போயிருந்தன. பென்ஷன் பணத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, ஒரு எண்ணைத் தட்டுவதற்கு மூன்று முறை கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும் என் அத்தையின் கருவியை அந்தப் பையனிடம் கொடுத்துத் திறக்கச் சொல்வேனா? மாட்டேன். அப்படியானால் என் வாதம் எனக்கு ஒரு நீதி, அத்தைக்கு ஒரு நீதி என்று ஆகிவிடவில்லையா என்ற சந்தேகம் என்னைப் பல இரவுகள் அலைக்கழித்தது. கடைசியில் இப்படி ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறேன்: அத்தையின் வீட்டுக்கும் பூட்டு வேண்டும், அதுவும் நல்ல பூட்டாக வேண்டும், ஆனால் சாவி அத்தையின் இடுப்பில் இருக்க வேண்டும். அவள் அதை ஒரு நாளும் உபயோகிக்காமலே கண் மூடலாம். அதனால் சாவி விற்றவனுடையதாகிவிடாது.

சாவியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினால், ஒரு நூலகத்தின் வாசலில் போய் நிற்கிறோம். அமெரிக்காவில் 1998-ஆம் வருஷச் சட்டம் ஒன்று, பதிப்புரிமையைக் காக்கும் மின்னணுப் பூட்டு எதையும் உடைக்கலாகாது என்று விதித்து, விதிவிலக்குகளை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் தீர்மானிக்கட்டும் என்று விட்டது. புஸ்தகங்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவர், 2010 ஜூலை 26 அன்று, சொந்தக் கைபேசியின் சிறையை உடைப்பது குற்றமாகாது என்றார். 2012-ல் அதே சலுகையைப் பலகைக் கணினிக்கு நீட்டிக்க மறுத்து, 2015-ல் நீட்டித்தார்கள். தவணை தவறாமல் போய்க் கேட்டு வாங்கவேண்டிய உரிமைக்குப் பத்திர எழுத்தர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் உத்தேசத்தோடு பூட்டை உடைப்பவனையே தண்டிக்கிறது என்பதால், எழுத்துரு வைக்கப் போனவனுக்கும் களவாடப் போனவனுக்கும் உள்ள பேதத்தை அது மதிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதில் இன்னொரு விநோதமும் உண்டு. ஐபோன் விற்பனைக்கு வந்த அதே 2007 ஜூன் 29-ல்தான், ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவருடைய சகாக்களும், கட்டற்ற மென்பொருளுக்கான பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டார்கள். நிரலைத் திருத்திக்கொள்ளும் உரிமையைக் கொடுத்துவிட்டுத் திருத்திய நிரலை ஏற்க மறுக்கும் வீட்டுக் கருவிகளுக்கு எதிராகச் சாத்தியத்தையும் சேர்த்து எழுதிய சாசனம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கரு அதன் முந்தைய பதிப்பிலேயே நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் தானம் எழுதிய மனையின்மேல் எழுப்பிய வீட்டுக்குத்தான் நாம் சாவி கேட்டு நிற்கிறோம்.

ரிச்சி தெருப் பையன் என் கைபேசியைத் திறந்த விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். அமைப்புகளுக்குள் போய், ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டினான். ஏழாவது தட்டில், நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர் என்று கருவி அவனுக்கு, அதாவது எனக்கு, தீட்சை அளித்தது. பிறகு அணைத்து, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, கேபிளைச் செருகிவிட்டு, “இப்ப கைய எடுத்துடாதீங்க சார், நடுவுல கட் ஆனா டெட் ஆயிடும்” என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல முணுமுணுத்தான். திரை இருண்டது, ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது, எங்கேயும் சத்தமில்லை, கருகல் வாசனையில்லை. ஃபியூஸ் எந்தக் கணத்தில் எரிந்தது என்று கேட்டேன். “அது எரிஞ்சு ரெண்டு நிமிஷமாச்சு சார்” என்றான். இன்று அது வேகமாக, தமிழில் சுத்தமாக, புதிய மென்பொருளோடு ஓடுகிறது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும், இந்தக் கருவியை நம்பலாகாது என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டிச் சில விநாடி நின்றுவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. பணம் அனுப்பும் செயலி அதில் திறக்க மறுப்பதால், அதற்கென்றே மலிவான இன்னொரு கைபேசி வாங்க நேர்ந்தது. இப்போது என் சட்டைப்பையில் இரண்டு இருக்கின்றன: ஒன்று என்னுடையது, வங்கி அதை நம்பவில்லை, மற்றொன்றை வங்கி நம்புகிறது, அதன் சாவி என்னிடமில்லை. இரண்டையும் முழு விலை கொடுத்தே வாங்கியிருக்கிறேன். விக்கிரயம் என்று சொல்லி முழுக் கிரயத்தையும் எண்ணி வாங்கிக்கொள்கிறவர், சித்தத்தோடு சாத்தியத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மனமில்லாவிட்டால், பெட்டியின்மேல் குத்தகை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, குத்தகைக்குரிய பணத்தை மட்டும் கேட்கட்டும்.